பெரிய கைக்குச் சின்ன பிஸ்டல்: எதைப் பார்த்து வாங்குவது?

அமெரிக்காவில் துப்பாக்கிக் கடைக்குப் போய், "இடுப்பில் மறைத்து வைத்துக்கொள்ள ஒரு பிஸ்டல் வேண்டும்" என்று கேட்டால், கண்ணாடிப் பெட்டியிலிருந்து முதலில் வெளியே வருவது இருப்பதிலேயே சின்னதாகத்தான் இருக்கும். சராசரிக் கைக்கு அது சரி. மணிக்கட்டு ரேகையிலிருந்து நடுவிரல் நுனிவரை அளந்தால் ஆண்களுக்கு ஏறக்குறைய ஏழரை அங்குலம் வரும். எனக்கு எட்டரை. என் தம்பிக்கும் அதேதான், அப்பா வழியில் எல்லோருக்கும் கை அப்படி. நான் டெக்ஸஸில் இருக்கிறேன், அவன் நியூ ஜெர்சியில். பெர்மிட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டு, "அண்ணா, எதை வாங்குறது?" என்று கேட்டான். அவனுக்குப் போனில் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் சட்டம், சுருக்கமாக. எச்-1பி, எல்-1, எஃப்-1 மாதிரி விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது ஃபெடரல் சட்டப்படி பொதுவாகத் தடை. வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அதை நம்பி இறங்குவதற்கு முன் ஒரு வக்கீலைப் பாருங்கள். கிரீன் கார்டு இருந்தால் அந்தத் தடை இல்லை. கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும், 4473 படிவத்தை நிரப்ப வேண்டும், பின்னணிச் சோதனை நடக்கும். அதற்குமேல் மாநிலத்துக்கு மாநிலம் கதை மாறும். டெக்ஸஸில் 2021 செப்டம்பர் முதல், தகுதி உள்ளவர்கள் பெர்மிட் இல்லாமலே எடுத்துச் செல்லலாம். நியூ ஜெர்சியில் வாங்குவதற்கு ஒரு பெர்மிட், எடுத்துச் செல்ல இன்னொன்று, மேகசினில், அதாவது தோட்டா அடைக்கும் கூட்டில், 10 தோட்டாவுக்கு மேல் கூடாது. அந்தப் பத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இடுப்பில் மறைக்கும்போது குழலின் நீளம் பெரிய தொல்லையே இல்லை. அது பேன்ட்டுக்குள் கீழ்நோக்கிப் போய்விடும். சட்டையைக் குத்திக்கொண்டு வெளியே காட்டிக்கொடுப்பது கிரிப்பின், அதாவது கைப்பிடியின், அடிப்பக்கம்தான். அதனால்தான் சின்ன பிஸ்டல் செய்கிறவர்கள் முதலில் கிரிப்பைத்தான் வெட்டிக் குறைக்கிறார்கள். பெரிய கைக்கு வேண்டியதே அந்த வெட்டப்பட்ட துண்டு! க்ளாக் கம்பெனியின் சின்ன மாடலான 26-இன் உயரம் 4.17 அங்குலம், அதைவிடப் பெரிய க்ளாக் 19-இன் உயரம் 5.04. முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. காகிதத்தில் ஒன்றுமில்லாதது போலத் தெரியும். கையில் பிடித்தால் 26-இல் என் சுண்டுவிரல் காற்றில் தொங்கும், மோதிரவிரல் பாதிதான் உட்காரும். மிச்சமுள்ள ஒன்றரை விரலால் 9 எம்.எம். தோட்டாவின் உதையைத் தாங்க வேண்டும். ஒவ்வொரு வெடிக்கும் துப்பாக்கி கைக்குள் கொஞ்சம் திரும்பிவிடும், அடுத்ததைச் சுடும் முன் பிடியைத் திருத்த வேண்டியிருக்கும்.

ஆகவே பெரிய கைக்காரர் தேட வேண்டியது சின்ன பிஸ்டல் அல்ல. ஸ்லைடு, அதாவது சுடும்போது முன்பின் நகரும் மேல்பாகம், சின்னதாகவும் கிரிப் முழுசாகவும் இருக்கிற பிஸ்டல்.

கடைக்குப் போனால் எப்படிப் பார்ப்பது? விற்பவர் மேகசினைக் கழற்றி, ஸ்லைடைப் பின்னால் இழுத்து, அறை காலி என்று காட்டித் தருவார். நீங்களும் ஒருமுறை பாருங்கள். ஆள் இல்லாத பக்கம் குழலைத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். தோட்டா இல்லாமல் விசையை (ட்ரிகரை) அழுத்திப் பார்க்கலாமா என்று கேட்டுவிட்டு அழுத்துங்கள். கேட்காமல் அழுத்தினால் முகம் மாறும்.

கிரிப்பில் மூன்று விரலும் அடங்குகிறதா என்று பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிட முக்கியம் ஆள்காட்டிவிரல். விசையின் மேல் விரலின் முதல் கணுவுக்கு முன்னால் இருக்கிற சதைப்பகுதி படிய வேண்டும். பெரிய கையில் சின்ன பிஸ்டல் இருந்தால் விரல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். முதல் மூட்டு, சில சமயம் அதையும் தாண்டி விசையில் மாட்டும். அப்போது விரல் நேராகப் பின்னால் இழுக்காது, சாய்த்து இழுக்கும், குறி பக்கவாட்டில் விலகும். இதற்கு மருந்து பேக்ஸ்ட்ராப். க்ளாக் 19-இன் நான்காம், ஐந்தாம் தலைமுறைகளில் பின்புறத்தில் மாட்டிக்கொள்ள இரண்டு அளவில் பட்டைகள் தருகிறார்கள். ஒன்று 2 மில்லிமீட்டர், இன்னொன்று 4 மில்லிமீட்டர் கூட்டும். 4 மில்லிமீட்டர் என்ன செய்துவிடும் என்று தோன்றும். விரல் மூட்டிலிருந்து சதைக்கு வந்துவிடும், அவ்வளவு செய்யும். கடைகளில் பெட்டியிலிருந்து எடுத்தபடி, பட்டை எதுவும் மாட்டாமல்தான் காட்சிக்கு வைத்திருப்பார்கள். "பெரிய பட்டையைப் போட்டுக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். ஒரு ஊசியைத் தட்டி எடுக்கிற வேலைதான்.

விரல் பள்ளங்கள் வைத்த பழைய க்ளாக்குகள், அதாவது மூன்றாம், நான்காம் தலைமுறை, நம் கைக்குத் தொல்லை. விரல்கள் உட்கார வேண்டிய இடத்தில் மேடு வந்து நிற்கும். 2017-இல் வந்த ஐந்தாம் தலைமுறையில் அந்தப் பள்ளங்களை எடுத்துவிட்டார்கள். பழசு மலிவாகக் கிடைக்கிறதே என்று மயங்க வேண்டாம்.

அடுத்தது கட்டைவிரல். இதைக் கடையில் கண்டுபிடிக்க முடியாது, சுட்டால்தான் தெரியும். கடைசித் தோட்டா போனதும் ஸ்லைடு பின்னால் நின்றுவிட வேண்டும். துப்பாக்கி காலி என்று அதுதான் சொல்லும். பெரிய கையில் கட்டைவிரல் நீண்டு போய் அந்த ஸ்லைடு நிறுத்தும் கொக்கியின் மேலேயே படுத்துக்கொள்ளும். விரலின் எடை அதைக் கீழே அழுத்தினால், தோட்டா தீர்ந்த பிறகும் ஸ்லைடு மூடிக்கொள்ளும். விசையை அழுத்தினால் வெறும் க்ளிக். பல பேர் துப்பாக்கியில் கோளாறு என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறார்கள். மற்றக் கையின் கட்டைவிரல் கொக்கியைக் கீழிருந்து மேலே தள்ளினால் எதிர்மாறாக நடக்கும்: தோட்டா மிச்சமிருக்கும்போதே ஸ்லைடு திறந்து நின்றுவிடும். ஸிக் பி226, பி229 வகைகளில் கொக்கி பின்தள்ளி இருப்பதால் நீளக் கட்டைவிரல் அதை அழுத்தி, தோட்டா தீர்ந்தும் ஸ்லைடு மூடிக்கொள்வது அடிக்கடி நடக்கும். ஹெக்லர் அண்ட் காக் விபி9-இல் இரண்டு பக்கமும் நீளமான கொக்கி இருக்கிறது, அங்கேயும் கவனம். ஒரு மேகசின் முழுக்கச் சுட்டு, கடைசியில் ஸ்லைடு நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லை என்றால் வலது கட்டைவிரலை இடது கட்டைவிரலின் மேல் ஏற்றி வைத்து மறுபடி சுடுங்கள். அப்போது சரியானால் அந்தத் துப்பாக்கியோடு காலம் தள்ளலாம்.

மேகசின் கழற்றுவதிலும் ஒரு சிக்கல். குட்டையான கிரிப்பில் உள்ளங்கையின் கீழ்மேடு கிரிப்பைத் தாண்டி வழிந்து மேகசினின் அடியைப் பிடித்துக்கொள்ளும். பொத்தானை அழுத்தினாலும் மேகசின் விழாது. அப்புறம், நீட்டிய அடித்தட்டு வைத்த மேகசினைப் படாரென்று ஏற்றும்போது, கிரிப்புக்கும் தட்டுக்கும் நடுவில் சுண்டுவிரலின் சதை மாட்டும். ஒருமுறை மாட்டினால் அடுத்த முறை தானாகவே கையைச் சுருக்கிக்கொள்வீர்கள். சின்னதை வாங்கி நீட்டல் போட்டுக்கொள்ளலாமே என்பவர்களுக்கு இதையும் சொல்ல வேண்டும்: நீட்டல் போட்டால் மறைப்பதில் கிடைத்த லாபமும் போய்விடும். பிறகு எதற்கு அந்தக் குட்டை?

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவிலுள்ள சதையைப் பற்றி ஒரு வரி. வால்தர் பிபிகே மாதிரிப் பழைய சின்ன பிஸ்டல்களில் ஸ்லைடு பின்னால் வரும்போது அந்தச் சதையைக் கீறிவிட்டுப் போகும். பார்க்க அழகுதான், பெரிய கைக்கு வேண்டாம்.

ரூகர் எல்சிபி போன்ற பாக்கெட் பிஸ்டல்களையும் ஒதுக்கிவிடுங்கள். கைக்குள் ஒளிந்துவிடும், தாங்கும் கையின் விரல் குழல் வாய்க்கு முன்னால் நீண்டுவிடுமோ என்ற பயம் வேறு. அந்தப் பயம் நியாயமானது. குட்டைக் குழல் ரிவால்வரில் பெரிய ரப்பர் கிரிப் போட்டால் நம் கைக்கு நன்றாகவே உட்காரும். ஆனால் அங்கேயும் இடது கட்டைவிரலை முன்னால் நீட்டக் கூடாது. சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையிலுள்ள சந்தில் வரும் சூடான வாயு விரலைப் பொசுக்கும். ஐந்து தோட்டாதான், விசையும் கனம். அதனால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

சரி, எதைத்தான் வாங்குவது? டெக்ஸஸ் மாதிரி மேகசினுக்கு எல்லை இல்லாத மாநிலத்தில் என் முதல் பரிந்துரை ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம் அண்ட் பி 2.0 காம்பாக்ட், 4 அங்குலக் குழல் உள்ளது. 15 தோட்டா, கிரிப்புக்கு நான்கு அளவில் மாற்றுப் பட்டைகள். பெரிதைப் போட்டால் உள்ளங்கை நிறையும். க்ளாக் 19 ஐந்தாம் தலைமுறையும் இதே தட்டில்தான். சி.இஸட். பி-10 சி பிடித்திருந்தால் அதையும் குறை சொல்ல மாட்டேன். இவை எல்லாம் தடிமன் கொஞ்சம் கூட. மெலிதாக வேண்டும் என்பவர்களுக்கு 2022-இல் வந்த ஸிக் பி365 எக்ஸ்-மேக்ரோ. 2018-இல் வந்த முதல் பி365-இன் கிரிப் நம் கைக்குப் போதாது. அதே மெல்லிய உடம்பில் கிரிப்பை நீட்டி 17 தோட்டா அடைத்தது மேக்ரோ, மாற்றுப் பட்டைகளும் உண்டு. இந்த வகையில் சட்டப்படி துப்பாக்கி என்று பதிவாவது உள்ளே இருக்கிற இயங்கும் பகுதிதான். கிரிப் என்பது வெறும் பிளாஸ்டிக் ஓடு, பிடிக்கவில்லை என்றால் தனியாக வாங்கி மாற்றிக்கொள்ளலாம். ஸ்பிரிங்ஃபீல்டு ஹெல்கேட் வாங்குவதாக இருந்தால் 15 தோட்டா பிடிக்கிற ப்ரோவை மட்டும் பாருங்கள். வால்தர் பிடிபி நல்ல துப்பாக்கி, ஆனால் பெயரோடு எஃப் சேர்ந்த வகையைக் கையில் எடுக்காதீர்கள். அது விசைக்கு எட்டாத சின்னக் கைகளுக்காகச் செய்தது.

நியூ ஜெர்சிக்கு வருவோம். பத்துக்கு மேல் கூடாது என்றால் மெல்லிய துப்பாக்கிதான் சரி என்று கடையில் சொல்வார்கள். க்ளாக் 43எக்ஸை எடுத்து நீட்டுவார்கள், அதில் பத்துதான் பிடிக்கும். அதன் உயரமும் க்ளாக் 19 மாதிரியே 5.04 அங்குலம். அதாவது சட்டைக்குள் மறைக்க வேண்டிய கிரிப்பின் நீளம் இரண்டிலும் ஒன்றே. பத்துத் தோட்டா மேகசின் போட்டால் எண்ணிக்கையும் ஒன்றே. மிச்சமுள்ள வித்தியாசம் தடிமன். அந்தத் தடிமன்தான் நம் விரல்கள் சுற்றிவந்து உள்ளங்கையைக் குத்தாமல் நிறுத்தும். மெலிந்த கிரிப்பை நீள விரல்கள் பிடிப்பது, விறகு வெட்டுகிறவன் கையில் பேனாக்கத்தியைக் கொடுத்த மாதிரி. அதனால் தம்பிக்கு நான் சொன்னது: அங்கே விற்கிற பத்துத் தோட்டா மேகசினோடு 19-ஐயோ எம் அண்ட் பி-யையோ பார். இடுப்பு ஒல்லியாக இருந்து தடிமன் உறுத்தினால் மட்டும் 43எக்ஸ், அதிலும் ரப்பர் உறை ஒன்றை கிரிப்பில் மாட்டிக்கொள்.

முழு கிரிப்பை எப்படி மறைப்பது என்பது ஹோல்ஸ்டரின், அதாவது துப்பாக்கி உறையின், வேலை. பெல்ட்டுக்கு எதிரே அழுத்தி கிரிப்பை உடம்போடு சாய்க்கிற ஒரு சிறகு வைத்த ஹோல்ஸ்டர்கள் கிடைக்கின்றன. அது இல்லாததை வாங்காதீர்கள். துணிக்கடை பெல்ட் போதாது, விறைப்பான பெல்ட் வேண்டும். பெரிய கைக்காரர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும், இதை யாரும் சொல்வதில்லை. துப்பாக்கியை உறையில் ஆழமாக இறக்கினால் நன்றாக மறையும். ஆனால் எடுக்கப் போகும்போது நடுவிரலின் கணு பெல்ட்டில் முட்டும், முழுப் பிடி கிடைக்காது. நுனி விரல்களால் கிள்ளி எடுத்துவிட்டு வெளியே வந்தபின் பிடியைத் திருத்துவது ஆபத்து. காலி துப்பாக்கியை உறையில் வைத்து, மூன்று விரலும் விசைக்காப்புக்கு அடியில் தடையில்லாமல் போகிறதா என்று பாருங்கள். போகவில்லை என்றால் உறையின் கொக்கியை ஒரு துளை கீழே மாற்றித் துப்பாக்கியைக் கொஞ்சம் உயர்த்துங்கள்.

வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுத்துச் சுடுங்கள். சுட்டுப் பழகும் இடமான ரேஞ்சுகளில் பெரும்பாலும் கிடைக்கும், ஒரு பெட்டி தோட்டா போதும். ஐந்தைச் சற்று வேகமாகச் சுட்டுவிட்டு, கை முதலில் பிடித்த இடத்திலேயே இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். நகர்ந்திருந்தால் அந்த கிரிப் உங்களுக்கு இல்லை. அப்புறம் ரேஞ்சுக்கு எடுத்துப் போகிற பையை அதற்கு மட்டுமே வையுங்கள். அதே பையோடு ஊருக்குக் கிளம்பி, மூலையில் கிடந்த ஒரு தோட்டா சென்னை விமான நிலையத்தில் ஸ்கேனில் தெரிந்தால், ஆயுதச் சட்ட வழக்கு. வீட்டில் குழந்தைகள் இருந்தால் பூட்டுப் பெட்டியையும் அதே நாளில் வாங்கிவிடுங்கள். டெக்ஸஸில் பூட்டாமல் வைத்த, தோட்டா ஏற்றிய துப்பாக்கி பிள்ளைகள் கைக்குப் போய்விட்டால், அப்படி வைத்தவர் மேல் குற்றம்.

தம்பியின் பெர்மிட் இன்னும் வரவில்லை. வந்ததும் 19-ஐயும் எம் அண்ட் பி-யையும் ஒரே நாளில், பெரிய பட்டை போட்டுச் சுடச் சொல்லியிருக்கிறேன். எதில் ஸ்லைடு கடைசியில் ஒழுங்காக நிற்கிறதோ அதை வாங்குவான்.