குற்றப்பட ட்ரெயிலரைப் பிரித்துப் பார்ப்பது: ஷொட், ஒளி, பால்நிலை

உயர்தரத்தில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் எடுக்கும் பிள்ளைகளும், மட்டக்களப்பு கல்லடி விபுலானந்தா நிறுவகத்தில் கட்புலக் கலை படிப்பவர்களும் ட்ரெயிலர் பகுப்பாய்வில் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. முதல் இரண்டு பக்கத்தில் கமராக் கோணம், ஒளி, நிறம். அடுத்த இரண்டு பக்கத்தில் பெண் எப்படிக் காட்டப்படுகிறாள் என்பது. இரண்டும் ஒன்றையொன்று தொடாமலே கட்டுரை முடிந்துவிடும். கோணமும் வெட்டும்தான் அவளை அப்படிக் காட்டுகின்றன என்பதால், ஒவ்வொரு வாக்கியத்திலும் நுட்பமும் பால்நிலையும் சேர்ந்தே வரவேண்டும்.

இரண்டு, இரண்டரை நிமிட ட்ரெயிலர் ஒன்றை எடுங்கள். அதைவிடச் சிறிய டீசரில் ஆட்கள் போதாது. வட்ஸ்அப்பில் சுற்றும் கொப்பி வேண்டாம். சுருக்கப்பட்ட வீடியோவில் இருட்டுப் பகுதி முழுக்க ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். மூலத்தில் கண்கள் தெளிவாகத் தெரியும் ஷொட்டுக்கு (ஒரு வெட்டிலிருந்து அடுத்த வெட்டு வரை ஓடும் காட்சித்துண்டு) “முகம் இருளில் மறைக்கப்பட்டுள்ளது” என்று எழுதுவது அப்படித்தான் நேர்கிறது. படத்தின் அதிகாரபூர்வ பதிவை 720 தரத்திலாவது, போனின் தானியங்கி வெளிச்சத்தை நிறுத்திவிட்டு, வெயில் விழாத இடத்தில் இருந்து பாருங்கள்.

முதலில் நிறுத்தாமல் ஒருதரம் பாருங்கள். பிறகு ஒலியை அடைத்துவிட்டு ஒருதரம். அதன்பின் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஹெட்போனில் ஒலியை மட்டும் கேளுங்கள். யாருடைய குரல் கதையைச் சொல்கிறது, யாருக்கு அழுகையும் அலறலும் மட்டும் கிடைத்திருக்கிறது என்பது இந்த மூன்றாம் முறையில்தான் பளிச்சென்று தெரியும்.

இனி ஷொட் பட்டியல். கணினியில் யூடியூப் வீடியோவை நிறுத்திவைத்து முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் ஒரு ஃபிரேம் முன்னே போகும், காற்புள்ளி விசையை அழுத்தினால் பின்னே வரும். போனில் என்றால் வேகத்தை 0.25 ஆக்குங்கள். சீஆர் கொப்பியைப் பக்கவாட்டில் திருப்பி ஏழு நிரல் போடுங்கள்: இலக்கம், நேரம், ஷொட்டின் அளவு (நெருக்கமா, தூரமா), கோணமும் அசைவும், ஒளியும் நிறமும், ஒலி, யார் என்ன செய்கிறார். கடைசி நிரலில் வினைச்சொல் மட்டும்: சுடுகிறான், ஓடுகிறாள், இழுக்கப்படுகிறாள். “பாவம்”, “கெட்டவள்” போன்ற தீர்ப்புகளை இந்தக் கட்டத்தில் எழுதக்கூடாது. கம்பனிச் சின்னங்களையும் எழுத்து மட்டும் வரும் திரைகளையும் ஷொட்டாக எண்ணாதீர்கள். எண்ணினால் விகிதம் எல்லாம் பிழைக்கும். கடைசி இருபது விநாடியில் வெட்டுகள் அரை விநாடிக்கும் குறைவாக வரலாம். செக்கனுக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் அரை விநாடி என்றால் 12 ஃபிரேம், நிறுத்தாமல் பிடிக்கமுடியாது.

பட்டியல் முடிந்ததும் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியே ஐந்து கணக்கு எடுங்கள்: எத்தனை ஷொட், மொத்தம் எத்தனை விநாடி, எத்தனை சொல் பேசுகிறார், எத்தனை தரம் செய்பவர், எத்தனை தரம் செய்யப்படுபவர். ஷொட் கணக்கோடு நின்றுவிட்டால் ஏமாந்துபோவீர்கள். பெண் 25 ஷொட்டில் வந்து, அத்தனையும் சேர்ந்து 14 விநாடிதான் இருக்கலாம்.

“பெண் பலவீனமாகக் காட்டப்படுகிறாள்” என்று எழுதினால் புள்ளி விழாது. இப்படி எழுதிப் பாருங்கள்: “0:41 தொடக்கம் 0:45 வரை அவள் மூன்று ஷொட்டில் வருகிறாள், ஒன்றிலும் முகம் இல்லை. தாழ்ப்பாளைப் பற்றிய வளையல் கை, பின்கழுத்து, சீமெந்துத் தரையில் வெறுங்கால். நான்காவதில் ஆண், கீழிருந்து மேல்நோக்கும் கீழ்க்கோணத்தில், வாசல் நிறைய நிற்கிறான். திரை கறுப்பாகிறது, அலறல் மட்டும் கேட்கிறது. அவளுடைய பயம் நமக்குக் காட்டப்படுகிறது, அவள் யார் என்பது காட்டப்படவில்லை.”

பார்வையை ஆராய, மூன்று ஷொட்டைச் சேர்த்துப் பிடியுங்கள்: ஆணின் முகம், பெண்ணின் உடல், மறுபடி ஆணின் முகம். திரைப்பட ஆய்வாளர் லோரா மல்வி 1975இல் ‘ஆண் நோக்கு’ (பெண்ணை ஆணின் கண்ணால் பார்க்கவைப்பது) என்று விளக்கியதன் எளிய வடிவம் இது. அதே ட்ரெயிலரில் ஒரு பெண் பார்ப்பதாக இப்படி மூன்று ஷொட் வருகிறதா, அப்போது அவள் எதைப் பார்க்கிறாள் என்றும் தேடுங்கள். முதல் தோற்றத்தையும் விடாதீர்கள். நம்முடைய கூத்தில் வரவு ஆட்டத்திலேயே பாத்திரத்தின் தன்மை தெரிந்துவிடுவதுபோல, ட்ரெயிலரும் முதல் ஷொட்டிலேயே ஆளைத் தீர்மானித்துவிடும். பெண் பொலிஸ் அதிகாரி முதலில் மேசையில் கோப்போடு வருகிறாரா, கண்ணாடி முன் தலை கட்டிக்கொண்டு வருகிறாரா என்பது பெரிய வேறுபாடு.

கீழ்க்கோணம் என்றாலே அதிகாரம் என்று மனப்பாடமாக எழுதவேண்டாம். அதே கோணம் உடலை ரசிக்கவும் பயன்படுகிறது. இருண்ட ஒளி குற்றப்படத்தின் பொது வழக்கு, அது மட்டும் சான்றாகாது. ஆணின் முகத்தில் பாதி நிழல், பெண்ணின் முகத்தில் சமமான மென்ஒளி என்று வித்தியாசம் வந்தால்தான் எழுத விஷயம் இருக்கிறது. பழிவாங்கும் பெண் வந்ததும் கண்ணகி என்று முடித்துவிடுவதும் நம்மிடம் சாதாரணம். அவள் தனக்காகப் பழிவாங்குகிறாளா, கணவனுக்கோ பிள்ளைக்கோ ஆகவா என்று பாருங்கள். பாத்திரத்தின் இடம் அதில்தான் மாறும்.

வீடும் கவனிக்கவேண்டியது. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகிறது, கலியாணம் முடித்து மாப்பிள்ளைதான் அங்கே வருகிறார். அதனால் பெண் வாசலில் நிற்கும் ஷொட்டை அவளுடைய உரிமையாக நாம் இயல்பாகவே வாசித்துவிடுவோம். சென்னையில் எடுத்த படத்தில் அது அவள் அடைபட்ட இடமாக இருக்கலாம். ஜன்னல் கம்பி, பாதி திறந்த கதவு, அவளைச் சுற்றிய சட்டகம் எவ்வளவு இறுக்கமானது என்பவற்றைப் பார்த்து முடிவெடுங்கள்.

“இயக்குநர் நினைக்கிறார்” என்றும் எழுதாதீர்கள். ட்ரெயிலரைப் பல வேளை வேறு ஒருவர்தான் விளம்பரத்துக்காக வெட்டுகிறார். “ட்ரெயிலர் இப்படிக் காட்டுகிறது” என்பதே சரி.

எழுதத் தொடங்குமுன் பத்து ஷொட்டைத் தெரிந்தெடுத்து, உங்கள் பட்டியலைக் காட்டாமல், வகுப்பில் இன்னொருவரிடம் கொடுத்து, அதே நிரல்களை நிரப்பச் சொல்லுங்கள். நீங்கள் ஆண் என்றால் ஒரு பெண்ணிடம், பெண் என்றால் ஒரு ஆணிடம் கொடுப்பது நல்லது. ‘யார் என்ன செய்கிறார்’ நிரலில், செய்பவரா செய்யப்படுபவரா என்பது மூன்று ஷொட்டுக்கு மேல் மாறி வந்தால் உங்கள் வரையறை தெளிவில்லை. அதைத் திருத்தி, அந்த நிரலை மட்டும் முதலிலிருந்து நிரப்புங்கள்.