தை நெல்லை மூட்டை கட்டும் முன்

காரைக்குடிப் பக்கம் தை மாதம் அறுத்த நெல்லை அன்றைக்கே மூட்டை கட்டி, வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டில் அடுக்கிவிடாதீர்கள். ஈரம் 14 சதவீதத்துக்கு மேல் இருந்தால் உள்ளே சூடேறிப் பூசணம் பிடிக்கும், விதைநெல் என்றால் 12தான் கணக்கு. கருவி இல்லையா? ஒரு நெல்லைக் கடியுங்கள்; 'கடுக்'கென்று உடைந்தால் சரி, பல்லில் நசுங்கினால் இன்னொரு வெயில் வேண்டும். அதற்காக உச்சி வெயிலில் சிமெண்ட் களத்தில் பரப்பிக் கிளறாமல் விட்டால் அரிசி கீறல் விட்டு மில்லில் நொய்யாகத்தான் வரும் (ஒரு வருஷம் எங்கள் வீட்டில் நொய்க்கஞ்சிதான்). அப்புறம், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சாக்கை நேரே வைக்காமல், பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். பழைய சாக்கு என்றால் உதறிக் காயவைத்த பிறகு நிரப்புங்கள். பூச்சி அண்டாமல் இருக்க நொச்சி, வேப்பிலை போடலாம், ஆனால் காய்ந்ததாகப் போடுங்கள். பச்சை இலை ஈரத்தைத்தான் சேர்க்கும்.