குதிரைத் தோலில் கட்டி வந்தால்: வெட்டுவதா, மருந்து வைப்பதா, விட்டுவிடுவதா?

எங்கள் பெண்குதிரைக்கு ஐந்து வயது நடக்கும்போது, முன்னங்காலுக்குப் பின்னால், சேணத்தின் வயிற்றுவார் உரசும் இடத்தில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. மாட்டுக்கு வருகிற பாலுண்ணி மாதிரிதான் என்றார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். மனிதருக்கு மரு வந்தாலே குதிரைவால் முடியை வைத்து இறுக்கிக் கட்டுகிற ஊர் எங்களுடையது, அதனால் நாங்களும் யோசிக்காமல் நைலான் நூலால் கட்டிவிட்டோம். பத்து நாளில் மேல்பகுதி உதிர்ந்தது. இரண்டு மாதத்தில் அதே இடத்தில் செக்கச்செவேலென்று சதை பிதுங்கி, தொட்டால் ரத்தம் வந்து, ஈ மொய்த்து, கோழிமுட்டையைவிடப் பெரிதாகிவிட்டது. அது மருவே கிடையாது, சார்காய்ட் என்ற தோல் கட்டி. அடிப்பகுதி தோலுக்குள்ளேயே இருக்க, மேலே உள்ளதை மட்டும் எடுத்து அதைக் கிளப்பிவிட்டிருந்தோம்.

அந்தக் குதிரையோடு அலைந்த ஒரு வருடத்தில் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: இந்தக் கட்டிகளில் முதல் தடவை செய்கிற வைத்தியத்துக்குத்தான் பலிக்கும் வாய்ப்பு அதிகம், ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் அது முன்னைவிட முரட்டுத்தனமாகத்தான் வரும். ஆகவே அரைகுறையாகத் தொடுவதைவிடத் தொடாமல் இருப்பது மேல், தொட்டால் முழுதாக முடிக்க வேண்டும்.

முதலில் அது என்ன என்று தெரிய வேண்டும்

குதிரைத் தோலில் வீங்கியதெல்லாம் புற்றுக்கட்டி ஆகிவிடாது. இளங்குட்டிகளின் மூக்கிலும் உதட்டிலும் குட்டிக்குட்டியாக மருக்கள் கொத்தாக வந்தால் பெரும்பாலும் சில மாதங்களில் தானாக உதிர்ந்துவிடும், அதைக் கிள்ளாதீர்கள். முடி கொட்டி வட்டவட்டமாக இருந்தால் படர்தாமரையாக இருக்கலாம், அது வேகமாகப் பரவும், சில வாரங்களில் ஆறவும் செய்யும், உங்கள் கைக்கும் ஒட்டும். முழங்காலுக்குக் கீழே பட்ட காயம் ஆறாமல் சதை பொங்கி நிற்பதும், ஈ வைக்கும் புழுவால் வெயில் காலத்தில் வருகிற, மஞ்சளாக நொய் போன்ற துகள்கள் தெரிகிற புண்ணும் சார்காய்ட்டைப் போலவே தோன்றும். பொங்கிய சதைக்கு மயில்துத்தம் தூவுகிற வழக்கம் உண்டு, ஆனால் அடியில் இருப்பது சார்காய்ட் என்றால் அந்த எரிச்சலே அதை வளர்த்துவிடும். இதையெல்லாம் பிரித்துச் சொல்வது டாக்டர் வேலை. நம் வேலை, பார்த்த நாளிலேயே பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தைப் பிடித்து போட்டோ எடுத்து, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அதே வெளிச்சத்தில் திரும்ப எடுத்து வைப்பது. வளர்கிறதா, நிற்கிறதா என்பதற்கு அந்தப் படங்களைப் போல டாக்டருக்கு உதவுவது வேறில்லை.

சதையைக் கிள்ளி ஆய்வகத்துக்கு அனுப்பலாமா என்பது குழப்பமான கேள்வி. சார்காய்ட் கிள்ளினால் சீறக்கூடியது. அதற்காகப் பரிசோதனையே கூடாது என்று சொல்ல மாட்டேன். சின்னக் கட்டி என்றால் சுற்றியுள்ள நல்ல தோலோடு சேர்த்து முழுதாக எடுத்து அனுப்பச் சொல்லலாம். பெரியது என்றால், கிள்ளும் முன்பே "சார்காய்ட் என்று முடிவு வந்தால் அடுத்த வாரம் என்ன செய்யப்போகிறோம்?" என்று டாக்டரிடம் கேட்டுப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கிள்ளுங்கள். உள்ளூர் டாக்டருக்கு மாடும் ஆடும்தான் அதிகம் கைபழகியிருக்கும், அது அவர் குற்றமில்லை. வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளுக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்குங்கள்.

சார்காய்ட்: இடமும் வகையும்தான் முடிவு சொல்லும்

குதிரைகளுக்கு வருகிற தோல் கட்டிகளில் இதுதான் உலகெங்கும் அதிகம். மாட்டுக்கு மரு உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸின் 1, 2 வகைகளோடு இது தொடர்புடையது, ஈக்கள் கடத்துவதாகப் பலமான சந்தேகம் உண்டு, வம்சத்தில் வருகிற உடல்வாகும் அதோடு சேர வேண்டும். நம் பக்கம் மாடும் குதிரையும் ஒரே கொட்டகையில் நிற்பதால் இதை மனதில் வையுங்கள். ஆறுதல் என்னவென்றால் இது நுரையீரலுக்கோ ஈரலுக்கோ பரவுவதில்லை. தோலிலும் அதன் அடியிலும்தான் அடம்பிடிக்கும்.

முடி உதிர்ந்து, தோல் கொஞ்சம் தடித்து, தட்டையாக ஒரு வட்டம் மட்டும் இருக்கிறது, வாரும் கடிவாளமும் படாத இடம், படங்களில் மாற்றமில்லை என்றால் விட்டுவிடலாம். விடுவது என்றால் மறந்துவிடுவது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், தேய்க்கும்போதெல்லாம் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அந்த இடத்தைக் கரகரவென்று தேய்க்கவும் கூடாது. உரசலும் காயமும் தட்டையானதைச் சதைக்கட்டியாக மாற்றிவிடும். வளர்கிறது என்றால் இமிக்விமாட் அல்லது புளோரோயுரேசில் களிம்பு ஒரு வழி. இமிக்விமாட் மனிதருக்கு மரு மேல் பூசுவதுதான், வாரத்துக்குச் சில தடவை, சில மாதங்கள் விடாமல் பூச வேண்டும். இடையில் அந்த இடம் வெந்தது போலாகிக் குதிரை கிட்டே விடாது. கட்டிப்பிடித்துப் பூச வீட்டில் ஆள் இருக்கிறதா என்று இப்போதே யோசியுங்கள். மூன்றாவது வாரத்தில் பரிதாபப்பட்டு நிறுத்துவதாக இருந்தால் இந்த வழியைத் தொடங்காதீர்கள்.

உருண்டையாக, மேல்தோல் கிழியாமல், விரலால் நகர்த்த முடிகிற கட்டி என்றால் அறுவைக்கு நல்ல காலம். எப்படி எடுக்கிறார்கள் என்பதில் சூட்சுமம் இருக்கிறது. கட்டியை ஒட்டி அறுத்தால் திரும்பி வரும், சுற்றிலும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நல்ல தோலையும் சேர்த்து எடுக்க வேண்டும். எடுத்த பிறகு கையுறையையும் கருவிகளையும் மாற்றித் தைக்க வேண்டும், இல்லையென்றால் கட்டியின் செல்களை நாமே புண்ணில் விதைத்ததாகிவிடும். இந்த இரண்டையும் டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். லேசர், திரவ நைட்ரஜன் வைத்து உறையவிட்டு இளகவிட்டு மறுபடி உறையவைக்கும் முறை ஆகியவையும் உண்டு, வசதி இருக்கும் இடத்தில் நல்லவை. ரப்பர் வளையம் போட்டுக் கட்டுவதைக்கூட டாக்டர்கள் செய்வதுண்டு, ஆனால் வளையம் அடிவேருக்கும் கீழே இறங்குகிற கட்டிக்கு மட்டும்தான். நாங்கள் பார்க்காமல் விட்டது அதைத்தான்.

எங்கள் குதிரைக்கு நேர்ந்தது போலப் புண்ணாகிச் சதை பிதுங்கியிருந்தால் தனி அறுவை போதாது. பெரும்பகுதியை அறுத்துவிட்டு, அடியிலும் ஓரத்திலும் சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தை ஊசியாகப் போட்டார்கள், இரண்டு வாரத்துக்கு ஒன்றாக நான்கு முறை. வேலை செய்கிற மருந்து, ஆனால் மனிதருக்கு ஆபத்தானது. கையுறை இல்லாமல் அந்த இடத்தைத் தொடக் கூடாது, கர்ப்பிணிகளும் குழந்தைகளும் கொட்டகைப் பக்கமே வரக் கூடாது, கழுவிய தண்ணீரை எங்கே விடுவது என்பதையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். நான்கு முறை டாக்டரை வரவழைக்கவோ குதிரையை வண்டியில் ஏற்றிப் போகவோ பணமும் நாளும் இருக்கிறதா என்று முதல் ஊசிக்கு முன்பே கணக்குப் போடுங்கள், ஏனென்றால் இரண்டோடு நிறுத்துவது நூல் கட்டுவதற்குச் சமம்.

கண்ணிமை தனிக்கதை. அங்கே நூல், எரிக்கும் களிம்பு எதுவும் கூடாது, இமை சுருங்கி மூட முடியாமல் போனால் கண்ணே போய்விடும். குழந்தைகளுக்குப் போடுகிற அதே பி.சி.ஜி. மருந்தைக் கண்ணோரக் கட்டிக்குள் ஊசியாகப் போடும் முறை உண்டு. இரண்டாவது, மூன்றாவது ஊசியில் திடீர் ஒவ்வாமை வந்து குதிரை சாயக்கூடும் என்பதால் முன்மருந்து கொடுத்து, டாக்டர் பக்கத்தில் நின்றே ஆக வேண்டும். இமைக் கட்டிக்காகத் தொலைதூரம் போக வேண்டி வந்தாலும் போங்கள்.

சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து வைப்பது, காய்ச்சிய கம்பியால் சூடு வைப்பது இரண்டையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்த ஜீவன் படும் வேதனை ஒரு பக்கம், இதைப் போலச் சார்காய்ட்டைக் கிளப்பிவிடுவது வேறில்லை என்பது இன்னொரு பக்கம்.

வெள்ளைக் குதிரை வைத்திருப்பவர்களுக்கு

வெள்ளையிலும் இரண்டு வகை. கருப்பாகவோ பழுப்பாகவோ பிறந்து வருடா வருடம் வெளுத்து வருகிற சாம்பல் குதிரைக்கு முடிக்கு அடியில் தோல் கருப்பாக இருக்கும். நுக்ரா என்கிற வெள்ளைக் குதிரை போலப் பிறக்கும்போதே வெளுப்பாக வருவதற்குத் தோலும் இளஞ்சிவப்பு. இரண்டுக்கும் வருகிற கட்டி வேறு, முடிவும் வேறு.

சாம்பல் குதிரைக்கு வருவது மெலனோமா, தோலுக்குக் கருப்பு நிறம் தரும் செல்களில் உண்டாகிற கட்டி. வெளுக்க வைக்கிற அதே மரபணு மாற்றம்தான் இதற்கும் வழிவிடுகிறது, 2008இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் அதை அடையாளம் காட்டினார்கள். 15 வயதைத் தாண்டிய சாம்பல் குதிரைகளில் 80 சதவீதம் வரை இது காணப்படும் என்பார்கள். வாலுக்கு அடியில், ஆசனவாயைச் சுற்றி, குறியுறையில், உதட்டில், காதுக்குக் கீழே தாடை ஓரத்தில் கருப்பு உருண்டைகளாக வரும். "தொட்டால் பரவிவிடும், சும்மா விடு" என்று பெரியவர்கள் சொல்வதை நானும் நம்பியிருந்தேன். இப்போது பல டாக்டர்கள் சொல்வது அதற்கு நேர்மாறு: பட்டாணி, கொண்டைக்கடலை அளவில் இருக்கும்போதே, நிற்கவைத்து மரத்துப்போகும் ஊசி போட்டு எடுத்துவிடுவது சுலபம். பல வருடம் விட்டுவிட்டுச் சாணி போடவே முக்குகிற நிலையில் கொண்டுபோனால் எடுத்த பிறகு மூடித் தைக்கத் தோலே மிஞ்சாது. 22 வயதுக் கிழட்டுக் குதிரைக்கு ஒன்றிரண்டு வளராத உருண்டை இருந்தால் விட்டுவிடலாம், ஏழு வயதில் தெரிந்தால் எடுங்கள். அந்தியூர் ஆடிச் சந்தையில் குதிரை வாங்கும்போது சுழியை அத்தனை நுணுக்கமாகப் பார்க்கிறோம், வாலைத் தூக்கி அடியில் ஒரு தடவை விரலை ஓட்டிப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் கூட ஆகாது.

இளஞ்சிவப்புத் தோல் உள்ளவற்றுக்குப் பயப்பட வேண்டியது செதிள்செல் புற்று, அதாவது மேல்தோல் செல்களில் தொடங்கும் புற்றுநோய். கண்ணிமை, கண்ணின் உள்மூலையில் இருக்கும் மூன்றாம் இமை, ஆண்குறி, பெண்குறி ஓரம் இங்கெல்லாம் ஆறாத புண்ணாக, பூக்கோசு போன்ற சதையாக, நாற்றத்தோடு வரும். இதில் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்ற பேச்சே கிடையாது, நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவக்கூடியது. அந்த வாரமே டாக்டரிடம் போங்கள். மூன்றாம் இமையில் மட்டும் இருந்தால் அதை எடுத்துவிடுவது பெரிய வேலை இல்லை, பார்வைக்கும் பழுதில்லை. குறியில் என்றால் சின்னதாக இருக்கும்போது மேலோடு எடுத்துக் களிம்பு வைக்கலாம், முற்றிவிட்டால் ஒரு பகுதியையே வெட்ட வேண்டி வரும். உறைக்குள் சேரும் அழுக்கும் எரிச்சலும் இதற்குத் துணைபோவதாகச் சொல்வதால் அவ்வப்போது வெதுவெதுப்பான தண்ணீரால் மென்மையாகக் கழுவி, அப்போதே உள்ளே பார்த்துவிடுங்கள். ஊர்வலத்துக்குப் போகிற நுக்ராவை உச்சி வெயிலில் கட்டாதீர்கள், கண்ணுக்கு நிழல் தருகிற வலை முகமூடி வாங்கிப் போடுங்கள்.

எதைச் செய்தாலும்

கத்தி படும் முன் டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறதா பாருங்கள், குதிரையைப் போல அந்த நோய்க்கு எளிதில் இரையாகிற பிராணி குறைவு. முடிந்தால் ஈ குறைந்த மாதங்களில் செய்யுங்கள். எங்களால் அது முடியவில்லை, அதனால் புண்ணைச் சுற்றி, புண் மேல் படாமல், வேப்பெண்ணெய் தடவினோம், சாணியைத் தினம் இரண்டு வேளை அள்ளினோம், மாடுகளை வேறு கொட்டகைக்கு மாற்றினோம். சேணம் போடாமல் நான்கு மாதம் சும்மா நின்றது. ஆறிய தழும்பை இன்றும் ஞாயிற்றுக்கிழமை தேய்க்கும்போது விரலால் அழுத்திப் பார்க்கிறேன். உளுந்து அளவுக்கு ஏதாவது தட்டுப்பட்டால் அன்றே படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பிவிடுவதாக அவரிடமே சொல்லி வைத்திருக்கிறேன், இந்த முறை நூலைத் தேடப்போவதில்லை.