ஆஸ்திரேலியாவிலிருந்து பாரிஸ் போகிறீர்களா? டிக்கெட்டைக் கடைசியில் எடுங்கள்

ஆஸ்திரேலியாவில் வந்து இறங்கி ஓரளவு காலூன்றியதும் நம்மில் பலருக்கு வரும் முதல் நீண்ட பயணம் பாரிஸுக்குத்தான். அண்ணனோ சித்தியோ அங்கே இருப்பார்கள், ஒரு கல்யாணம் வரும், "இந்த முறையாவது வாங்கோ" என்று போன் வரும். போனை வைத்த கையோடு எல்லோரும் செய்வது டிக்கெட் விலை பார்ப்பது. ஒரு நல்ல விலை கண்ணில் பட்டால் அன்றைக்கே எடுத்தும் விடுகிறார்கள். புதிதாக வந்தவர்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வரிசையைத் திருப்பிப் போடுங்கள். ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பி வர முடியுமா என்பது முதலில். பிரான்சுக்குள் போக விசா இரண்டாவது. எந்த நாட்டு வழியாகப் போகலாம் என்பது அடுத்தது. இவை மூன்றும் தெளிவான பிறகு டிக்கெட்.

திரும்பி வரும் வழி

நீங்கள் பிரிட்ஜிங் விசா ஏ-யில், அதாவது அடுத்த விசாவின் முடிவுக்குக் காத்திருக்கும்போது தரும் இடைக்கால விசாவில், இருந்தால் அப்படியே விமானம் ஏறாதீர்கள். நாட்டை விட்டு வெளியேறிய நிமிடமே அந்த விசா முடிந்துவிடும். அதைக் காட்டித் திரும்பி வர முடியாது. கிளம்பும் முன் பிரிட்ஜிங் விசா பி-க்கு விண்ணப்பித்து, ஆஸ்திரேலியாவுக்குள் இருக்கும்போதே அது கைக்கு வந்திருக்க வேண்டும். எந்தத் தேதிக்குள் திரும்ப வேண்டும் என்று அதில் போட்டிருக்கும். உங்கள் ரிட்டர்ன் டிக்கெட் அந்தத் தேதிக்குச் சில நாட்கள் முன்பாகவே இருக்கட்டும், விமானம் ரத்தாகும் நாட்களும் உண்டு.

பிஆர், அதாவது நிரந்தரக் குடியிருப்பு விசா, கிடைத்தவர்களுக்கு வேறொரு கணக்கு. போய்வரும் உரிமை ஐந்து வருடத்துக்குத்தான். அந்த ஐந்து வருடம் விசா வழங்கப்பட்ட நாளிலிருந்து ஓடுகிறது, நீங்கள் வந்து இறங்கிய நாளிலிருந்து அல்ல. ஊரில் இருக்கும்போதே பிஆர் கிடைத்து, வேலை, வீடு எல்லாம் ஒழுங்கு செய்துகொண்டு தாமதமாக வந்தவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். காலம் முடிந்திருந்தால், திரும்பி வரும் உரிமையைத் தரும் ரெசிடென்ட் ரிட்டர்ன் விசா எடுத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருக்கிறீர்களா? புதிய எண்ணை இமி அக்கவுண்ட் என்ற உங்கள் ஆன்லைன் விசா கணக்கில் ஏற்றிவிட்டீர்களா என்று பாருங்கள். ஆஸ்திரேலிய விசா பாஸ்போர்ட் எண்ணோடு கணினியில் கட்டப்பட்டது. எண் மாறியிருந்தால் பாரிஸ் விமான நிலைய செக்-இன் கவுண்டரில் உங்கள் விசா திரையில் வராது. வீவோ என்ற அரசின் விசா சரிபார்ப்புப் பக்கத்தில் ஒரு நகல் எடுத்துக் கையில் வைத்துக்கொள்வதும் நல்லது.

தஞ்சம் கேட்டுப் பெற்ற பாதுகாப்பு விசாவில் இருக்கும் நம் மக்களுக்கு ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். மெல்பர்னிலிருந்து கொழும்பு வழியாகப் போகும் டிக்கெட் சில நேரம் மலிவாகவும் வசதியாகவும் தெரியும். நீங்கள் தப்பி வந்த நாட்டுக்குள் முன்அனுமதி இல்லாமல் நுழையக்கூடாது என்பது அந்த விசாக்களில் உள்ள நிபந்தனை. விமானம் மாறுவதற்கு மட்டும்தானே என்று நினைத்து எடுக்காதீர்கள். முதலில் உங்கள் வழக்கறிஞரிடம் பேசுங்கள், அல்லது அந்த வழியையே விட்டுவிடுங்கள். நூறு இருநூறு டாலர் மிச்சத்துக்காக எடுக்கக்கூடிய ஆபத்து இல்லை இது.

ஷெங்கன் விசா

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டில் இருப்பவர்கள் பிஆர் ஆனாலும் ஷெங்கன் விசா எடுக்க வேண்டும். பிரான்ஸ் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஒரே விசா அது. ஆஸ்திரேலியக் குடியுரிமையும் பாஸ்போர்ட்டும் வந்த பிறகு, எந்த 180 நாளிலும் 90 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம்.

விண்ணப்பத்தை பிரான்ஸ் விசாஸ் என்ற அரசு இணையதளத்தில் நிரப்பி, அப்புறம் விண்ணப்பங்களை வாங்கும் வி.எஃப்.எஸ் மையத்துக்கு நேரில் போய்க் கைரேகை கொடுக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்குக் குறைவாக இருந்தால் எடுக்க மாட்டார்கள். முடிவுக்குச் சாதாரணமாகப் பதினைந்து நாள், கூடுதலாகக் கேள்வி வந்தால் 45 நாள் வரை போகலாம். பள்ளி விடுமுறைக்கு முந்தைய மாதங்களில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே சிரமம். நான்கு மாதம் முன்பே தொடங்கினால் நிம்மதி. கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 45, ஆறுக்குக் கீழே இலவசம். மையத்தின் சேவைக் கட்டணம் தனி.

உறவினர் வீட்டில் தங்குவதானால் உங்களுக்கு முன்பே அவர்கள் வேலையைத் தொடங்க வேண்டும். அங்குள்ள நகரசபையில், அதாவது மெரியில், அத்தெஸ்தாசியோன் தக்கேய் என்ற விருந்தினர் சான்றுக்கு அவர்கள் விண்ணப்பிக்க வேண்டும். வீட்டு ஒப்பந்தம், வருமானச் சான்று, உங்கள் பாஸ்போர்ட் விவரம், நீங்கள் வந்து போகும் தேதிகள் எல்லாம் கேட்பார்கள். 30 யூரோ முத்திரைக் கட்டணம். மறுத்தாலும் அது திரும்பி வராது. சான்று கிடைக்க ஊருக்கு ஊர் நாட்கள் மாறும், சில இடங்களில் வாரக்கணக்கில் ஆகும். பிறகு அதன் மூலப்பிரதி பாரிஸிலிருந்து உங்களுக்குத் தபாலில் வர வேண்டும். வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய போட்டோ போதாது, எல்லையில் போலீஸ் மூலத்தைத்தான் கேட்பார்கள். அதனால் அண்ணனிடம் "எப்ப வாறது" என்று பேசும் அன்றைக்கே, "மெரிக்கு எப்ப போறீங்கள்" என்பதையும் கேட்டுவிடுங்கள்.

விசாவுக்குக் காட்ட வேண்டியது விமானப் பதிவுதான், பணம் கட்டி முடித்த டிக்கெட் அல்ல. பணம் கட்டாமல் சில நாள் பிடித்து வைக்கும் வசதி சில விமான நிறுவனங்களிலும் பயண முகவர்களிடமும் உண்டு. முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் டிக்கெட்டும் சரி. போலிப் பதிவு அச்சடித்துத் தருகிறவர்கள் பக்கம் போகாதீர்கள். ஒருமுறை பிடிபட்டால் அடுத்த விண்ணப்பங்களிலும் அது நிற்கும்.

பயண மருத்துவக் காப்பீடு கட்டாயம், குறைந்தது 30,000 யூரோவுக்கு. விசா நிபந்தனை என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. ஆஸ்திரேலிய அரசின் மருத்துவத் திட்டமான மெடிகேர் பிரிட்டன், இத்தாலி, நெதர்லாந்து போன்ற சில நாடுகளோடு பரஸ்பர ஒப்பந்தம் வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் பிரான்ஸ் இல்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் அதைக் காப்பீட்டில் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் தேவைப்படும் நேரத்தில் கைவிட்டுவிடுவார்கள்.

விசா ஒட்டிய பாஸ்போர்ட் வந்ததும் ஸ்டிக்கரைப் பொறுமையாகப் படியுங்கள். இன்னதிலிருந்து இன்னதுவரை என்று இரண்டு தேதிகள் இருக்கும். அதற்குக் கீழே எத்தனை நாள் தங்கலாம் என்று தனியாக ஓர் எண் இருக்கும். தேதிகளுக்கு இடையே 45 நாள் இருந்தாலும் அந்த எண் 30 என்றால் 30 நாள்தான். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் சேர்த்தே எண்ணுவார்கள். எத்தனை முறை நுழையலாம் என்பதையும் பாருங்கள். நம் குடும்பங்கள் பாரிஸில் ஒருவர், லண்டனில் ஒருவர், சூரிச்சில் ஒருவர் என்று சிதறி இருக்கின்றன. சுவிட்சர்லாந்தும் நார்வேயும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஷெங்கனுக்குள் இருக்கின்றன, அதே விசாவில் போய் வரலாம். லண்டன் அப்படி அல்ல. அதற்கு பிரிட்டன் விசா தனி. போய்விட்டு மறுபடி பாரிஸ் வர வேண்டுமானால் ஷெங்கன் விசா பலமுறை நுழையும் விசாவாக இருக்க வேண்டும். இதை விண்ணப்பத்திலேயே கேளுங்கள்.

இப்போது டிக்கெட்

பெர்த்திலிருந்து பாரிஸுக்கு நேர் விமானத்தை குவாண்டாஸ் 2024 ஜூலையில் தொடங்கியது. ஏறக்குறைய 17 மணி நேரம். மெல்பர்ன், சிட்னியிலிருந்து போகிறவர்களுக்கு தோஹா, துபாய், அபுதாபி, சிங்கப்பூர் என்று ஓரிடத்தில் மாறிப் போவதே வழக்கம், மொத்தம் ஒரு முழு நாள் பிடிக்கும். லண்டன் வழி மலிவாகத் தெரிந்தால், விமானம் மாறுவதற்கான பிரிட்டனின் டிரான்சிட் விசா விதியை அந்நாட்டு அரசு தளத்தில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

போகும் வழி முழுவதும் ஒரே பதிவு எண்ணில் இருக்கட்டும். இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்து, முதல் விமானம் தாமதமாகி, இரண்டாவது போய்விட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். இடையில் மூன்று நான்கு மணி நேரம் கிடைக்கும் டிக்கெட்டை எடுக்கவே நான் சொல்வேன். கைக்குழந்தையோடும் அம்மாவோடும் ஒன்றரை மணி நேரத்தில் முனையம் விட்டு முனையம் ஓடுவது பெரிய வேதனை. அம்மாவுக்கு சக்கர நாற்காலி வேண்டுமென்றால் பதிவோடு சேர்த்தே கேட்டுவிடுங்கள். மிகத் தாமதமானாலும் 48 மணி நேரத்துக்கு முன் கேட்டாக வேண்டும். குழந்தைத் தொட்டில் மாட்டும் இருக்கைகள் ஒரு விமானத்தில் சிலதான் இருக்கும், அதையும் பதிவு செய்யும் அன்றைக்கே கேளுங்கள்.

பெயர் விஷயத்தில் நமக்கு மற்றவர்களை விடக் கூடுதல் கவனம் வேண்டும். அப்பா பெயர் இனிஷியலாக ஓரிடத்தில், முழுதாக இன்னோரிடத்தில், சிலருக்குக் குடும்பப் பெயர் கட்டமே காலி. டிக்கெட்டில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். கட்டம் காலியாக இருந்தால் எப்படி நிரப்புவது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பணம் கட்டும் முன் போன் செய்து கேளுங்கள். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட் உள்ளவர்கள் துபாயில் இறங்கி ஊர் பார்க்கத் திட்டமிட வேண்டாம், ஐக்கிய அரபு அமீரகம் 2022 முதல் அதற்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது.

சாப்பாட்டிலும் ஒரு பொறி உண்டு. சைவம் சாப்பிடுகிறவர்கள் "ஹிந்து மீல்" என்று தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். அது மாட்டிறைச்சி இல்லாத உணவு, கோழியோ ஆடோ மீனோ வரலாம். உங்களுக்கு வேண்டியது "ஏசியன் வெஜிடேரியன்".

பயணமும் இறங்கிய பிறகும்

மருந்துகள், டாக்டர் கடிதம், விருந்தினர் சான்று, காப்பீட்டுத் தாள் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பவர் பேங்கும் கைப்பையில்தான், செக்-இன் பெட்டியில் போடக்கூடாது. நீண்ட நேரம் உட்கார்ந்தே இருந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு. எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள். கர்ப்பிணிகளும் அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர்களும் முன்கூட்டியே டாக்டரைப் பாருங்கள்.

ஊறுகாய், பலகாரம் கட்டுகிறவர்களுக்கு: இறைச்சியும் பால் பொருட்களும் வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. பால்கோவாவும் அதில் அடக்கம். கறிவேப்பிலையையும் விட்டுவிடுங்கள்.

சார்ல்ஸ் டி கோல் விமான நிலையத்தில் 2025 அக்டோபர் முதல் புதிய நுழைவுப் பதிவு முறை வரத் தொடங்கியது. முகத்தைப் படம் எடுத்துக் கணினியில் பதிவார்கள். வரிசை நீளலாம். போலீஸ் கேட்பது எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள் என்பதுதான். தாள்களை நீட்டினால் போதும்.

ஊருக்குள் போக ஆர்இஆர் பி ரயில் இருக்கிறது, கார் து நோர் நிலையத்துக்கு அரை மணி நேரம். அங்கிருந்து லா ஷப்பேல் நடந்து போகும் தூரம், நம் தமிழ்க் கடைகள் எல்லாம் அங்கேதான். 2025 தொடக்கத்தில் விமான நிலைய டிக்கெட் ஒரே விலையாகி 13 யூரோவில் தொடங்கியது. வெளியேறும் வரை அதைத் தொலைக்காதீர்கள், சோதனையில் இல்லாவிட்டால் அபராதம். அந்த ரயிலில் ஜேப்படி உண்டு, போனைக் கதவருகே கையில் வைத்திருக்க வேண்டாம். பெட்டிகள் அதிகம் என்றால் டாக்சி நல்லது. பாரிஸ் நகருக்குள் விலை அரசு நிர்ணயித்தது: சேன் ஆற்றின் வலக்கரைக்கு 56, இடக்கரைக்கு 65 யூரோ. முனையத்துக்குள் வந்து "டாக்சி, டாக்சி" என்று கூப்பிடுகிறவர்களோடு போகாதீர்கள். வெளியே வரிசையில் நில்லுங்கள்.

மெல்பர்னுக்கும் பாரிஸுக்கும் அங்கே கோடையில் எட்டு மணி நேரம், குளிர்காலத்தில் பத்து மணி நேரம் வித்தியாசம். முதல் நாட்களில் மாலை ஐந்து மணிக்கே கண் சொருகும், அதிகாலை மூன்று மணிக்கு முழிப்பு வரும். மாலை வெளிச்சத்தில் வெளியே நடந்து, ஒன்பது மணி வரை தாக்குப்பிடியுங்கள். உறவினர்களிடமும் சொல்லி வையுங்கள், முதல் இரவே விருந்து வேண்டாம் என்று.

திரும்பும்போது பாரிஸிலிருந்து கிளம்பும் விமானம், எந்த நாட்டு நிறுவனமானாலும், ஐரோப்பியப் பயணி உரிமைச் சட்டத்துக்குள் வரும். நிறுவனத்தின் தவறால் மிகவும் தாமதமானால் இவ்வளவு தூரத்துக்கு 600 யூரோ வரை இழப்பீடு கேட்கலாம். போர்டிங் பாஸை எறிந்துவிடாதீர்கள்.

அப்புறம் ஆஸ்திரேலியக் கஸ்டம்ஸ். லா ஷப்பேலில் வாங்கிய மிளகாய்த்தூள், கருவாடு, சித்தி கட்டிக்கொடுத்த முறுக்கு என்று உணவு எதுவாக இருந்தாலும் பயணி அட்டையில் "ஆம்" என்று குறியுங்கள். அறிவித்த பொருளை அவர்கள் பார்த்துவிட்டுத் திருப்பித் தரலாம், எடுத்தும் கொள்ளலாம். அறிவித்ததற்காக அபராதம் போட மாட்டார்கள். மறைத்தால் அபராதம் ஆயிரக்கணக்கான டாலர், தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு விசாவே ரத்தாகலாம்.