இரண்டு ஃபிலிம் ரோலில் ஒரு குறும்படம்: செய்யக் கூடாதவை

போன மாதம் சில இளைஞர்கள் 16 எம்.எம். ஃபிலிமில் குறும்படம் எடுத்தார்கள். உதவிக்குப் போயிருந்தேன். என் முதல் படத்தில் நான் செய்த அதே தவறுகள், ஏறக்குறைய அதே வரிசையில். லென்ஸ் மூடியைக் கழற்ற மறப்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை.

எல்லாக் கோணத்திலும் முழுக் காட்சி

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. என் முதல் படத்தில் என்னிடம் இருந்தவை இரண்டு 400 அடி ரோல்கள். 24 ஃப்ரேம் வேகத்தில் ஒன்றுக்கு 11 நிமிடம். அம்மாவும் மகனும் சாப்பிடும் காட்சி 1 நிமிடம் 40 நொடி. மாஸ்டர் (இருவரும் தெரியும் அகன்ற ஷாட்), இரண்டு சஜஷன் (ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து மற்றவர் முகம்), ஒரு க்ளோசப். ஒவ்வொன்றிலும் தொடக்கம் முதல் முடிவு வரை, இரண்டிரண்டு டேக். "எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம்" என்று நான்தான் சொன்னேன். மதியத்துக்குள் முதல் ரோல் காலி, இரண்டாவதிலும் இரண்டு நிமிடத்துக்கு மேல் போய்விட்டது. சாயங்கால வெளிச்சத்தில் அம்மா வாசலில் நிற்கும் கடைசி ஷாட். அவர் முகம் திரும்பும்போது ஃபிலிம் தீர்ந்தது. படத்துக்கு உயிரே அந்த முகம்தான். எடிட்டிங்கில் பார்த்தால், மாஸ்டரில் பயன்பட்டது மகன் உட்காருவதும் எழுவதும் மட்டும், 12 நொடி.

வசனத்தாளில் முந்தின நாளே கோடு போடுங்கள்: எந்த வரி யார் முகத்தில், எங்கே வெட்டு. அந்தக் கோணத்தில் அந்த வரிகளை மட்டும் எடுங்கள். ஒட்டுவதற்கு முன்னே ஒரு வரி, பின்னே ஒரு வரி போதும். அப்புறம், எந்த ஷாட் இல்லாவிட்டால் படமே இல்லையோ அதற்கான அடியை முதலில் ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பங்கிடுங்கள்.

அவசரப்பட்டு ரோல் சொல்வது

"ரோல்" என்று சொன்னதும் கேமரா ஓடும். ஓடத் தொடங்கிய பிறகு நடிகருக்குச் சட்டைக் காலரைச் சரிசெய்கிறார்கள். பத்து நொடி என்றால் ஆறு அடி. முப்பது டேக்கில் 180 அடி, கிட்டத்தட்ட அரை ரோல். மானிட்டர், அதாவது ஒத்திகை, எத்தனை முறை வேண்டுமானாலும் பாருங்கள், அதற்கு ஃபிலிம் செலவில்லை. கிளாப் பலகை தயாராக ஃப்ரேமுக்குள் இருக்கட்டும், பிறகு ரோல் சொல்லுங்கள்.

கேட் பார்க்காமல் நகர்வது

ஷாட் ஓகே ஆனதும் கேட்டில், அதாவது கேமராவுக்குள் ஃபிலிம்மீது வெளிச்சம் விழும் சட்டத்தில், டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே ஒரு முடி சிக்கியிருந்தால் போதும், ஷாட் கெட்டுவிடும்.

துண்டு ஃபிலிம்

ரோலில் எடுக்காமல் மிஞ்சிய ஃபிலிமை வைக்கும் டப்பா மேலே ஃபிலிம் ரகம், மீதி அடி, தேதி. அன்றே எழுதுங்கள்.