பிள்ளைகளை ஃபார்மசி படிக்க அழைக்கும்போது செய்யக்கூடாதவை

“டாக்டருக்கு இடம் கிடைக்காவிட்டால் என்ன, ஃபார்மசி இருக்கிறதே!” நம் வீடுகளில் இதை ஆறுதலாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளையை அந்தப் பக்கமே திரும்பாமல் செய்வதற்கு இந்த ஒரு வாக்கியம் போதும். தோற்றவர்கள் ஒதுங்கும் இடம் என்று பெயர் சூட்டிவிட்டு, ஆர்வத்தோடு போ என்றால் யார் போவார்கள்? நோயைக் கண்டறிவது மருத்துவரின் திறமை. ஒரு மருந்து உடலுக்குள் என்ன செய்யும், வேறு எந்த மருந்தோடு மோதும், எந்த அளவில் நஞ்சாகும் என்பது மருந்தாளரின் திறமை. வேதியியல் பிடித்த, எதையும் இரண்டு முறை சரிபார்க்கிற பிள்ளைக்கு இது முதல் விருப்பமாகவே இருக்கலாம்.

பெற்றோரை மட்டும் குறை சொல்ல முடியாது. சிங்கப்பூரில் காய்ச்சல் என்று பக்கத்துக் கிளினிக்குக்குப் போனால் மருந்தும் அங்கேயே கிடைத்துவிடுகிறது. முகப்பில் இருப்பவர் பெயரைக் கூப்பிட்டுப் பையைக் கொடுக்கிறார். மருந்தாளர் ஒருவரிடம் பேசாமலேயே பிள்ளை வளர்ந்துவிடுகிறது. தாத்தா பாட்டிக்கோ ஃபார்மசி என்றால் ஊரில் பார்த்த மெடிக்கல் ஷாப். இந்த நிலையில் வேலை வழிகாட்டி நிகழ்ச்சிக்கு வருகிற பேச்சாளரும் மாத்திரை அடுக்கிய அலமாரிப் படத்தையே காட்டினால், பிள்ளைகள் கைப்பேசியை எடுப்பதில் வியப்பில்லை.

அலமாரிக்குப் பின்னால் நடப்பதைச் சொல்லுங்கள். வலிப்பு நோய்க்குக் கார்பமாசெபின் என்ற மருந்து உண்டு. குறிப்பிட்ட ஒரு மரபணு வகை உள்ளவர்களுக்கு அது தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகும் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும். அந்த வகை ஆசிய வம்சாவளியினரிடம் அதிகம். அதனால் 2013 முதல் இங்கே ஆசிய வம்சாவளியினருக்கு அந்த மருந்தைப் புதிதாகத் தொடங்குமுன் மரபணுச் சோதனை செய்கிறார்கள். முடிவு வந்துவிட்டதா என்று பார்த்து மருந்துச் சீட்டைத் தடுத்து நிறுத்தக்கூடியவர்களில் மருந்தாளரும் ஒருவர். இப்படி ஒரு கதை பத்து விளம்பரத் தாளுக்குச் சமம். புற்றுநோய் மருந்துகளைக் கிருமியில்லாத அறையில் தயாரிப்பவர்கள், சுகாதார அறிவியல் ஆணையத்தில் புதிய மருந்துகளை ஆராய்பவர்கள், துவாஸ் மருந்துத் தொழிற்சாலைகளில் தரம் பார்ப்பவர்கள் என்று மற்ற பணிகளையும் அறிமுகப்படுத்தலாம்.

நம் பிள்ளைகளிடம் தமிழைப் பற்றிப் பேசாமல் விடுவதும் ஒரு தவறு. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிற பாட்டியிடம், கீரையை ஒரு வாரம் கட்டுக் கட்டாகத் தின்று அடுத்த வாரம் அடியோடு நிறுத்தக்கூடாது என்று புரியவைக்க வேண்டும். நாட்டு மருந்து ஏதாவது கூடச் சேர்த்துச் சாப்பிடுகிறாரா என்றும் பக்குவமாகக் கேட்க வேண்டும். ஆங்கிலச் சீட்டு ஒட்டிய மாத்திரைப் பையோடு நிற்கும் தமிழ்நாட்டுத் தொழிலாளிக்கும் இதே தேவைதான். தேர்வுக்காக மட்டும் படித்ததாக நினைத்த மொழி இங்கே வேலைக் கருவியாகிறது.

சிரமங்களை மறைக்காதீர்கள். கடை மருந்தகத்தில் நாள் முழுக்க நிற்க வேண்டும்; வார இறுதியிலும் வேலை இருக்கும். சம்பளத்தைப் பெரிதாகச் சொல்லி இழுப்பதைவிட இதை முன்பே சொல்வது நல்லது.

தாமதமும் கெடுக்கும். இங்கே ஃபார்மசி பட்டப்படிப்பு சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 4 ஆண்டுகள்; தொடக்கக் கல்லூரி வழியாக வருபவருக்கு ஏ-நிலைத் தேர்வில் எச்2 என்ற நிலையில் வேதியியல் வேண்டும். ஆகவே உயர்நிலை 2 இறுதியில் பாடம் தேர்ந்தெடுக்கும்போதே பேச்சை எடுங்கள். பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் மருந்து அறிவியல் பட்டயப்படிப்பு இருப்பதையும் அதே நாளில் சொல்லுங்கள். அதைக் கடைசியாகத் தயங்கித் தயங்கிச் சொன்னால் பிள்ளை அதை மட்டமாகவே எடுத்துக்கொள்ளும்.

பணத்தைக் கரைக்கும் தவறு வேறொன்று. இங்கே இடம் கிடைக்காதபோது, உறவினர் சொன்னார் என்று வெளிநாட்டுக் கல்லூரியில் சேர்த்துவிடுவது. சிங்கப்பூரில் மருந்தாளராக வேலை செய்யச் சிங்கப்பூர் ஃபார்மசி மன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். எந்தப் பல்கலைக்கழகங்களின் பட்டத்தை ஏற்பது என்பதற்கு மன்றம் பட்டியல் வைத்திருக்கிறது. பட்டத்துக்கு மேல் பயிற்சியும் தேர்வும் உண்டு. முகவரிடம் முன்பணம் கட்டுமுன் அந்தப் பட்டியலைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் மன்றத்துக்கே எழுதிக் கேளுங்கள்.