பரிந்துரைக் கடிதம்: யாரிடம், எப்போது, எதைக் கொடுத்துக் கேட்பது?

சிங்கப்பூரில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஈராண்டுப் படிப்பை நடத்தும் தொடக்கக் கல்லூரியில் வேதியியல் கற்பித்த காலத்தில், மாணவர்களின் பல்கலைக்கழக விண்ணப்பங்களுக்காக ஆண்டுதோறும் பரிந்துரைக் கடிதங்கள் எழுதியிருக்கிறேன். அவற்றுள் நன்றாக அமைந்தவை எல்லாம் நான் அருகிலிருந்து பார்த்த மாணவர்களைப் பற்றியவை; சப்பென்று போனவை, மதிப்பெண்களைத் தவிர வேறெதுவும் எனக்குத் தெரியாத கெட்டிக்கார மாணவர்களைப் பற்றியவை. கடிதம் கேட்கக் கிளம்பும் முன் மாணவரும் பெற்றோரும் இதை மனத்தில் கொள்வது நல்லது.

கடிதம் தேவைதானா என்பதை முதலில் பாருங்கள். உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களின் பெரும்பாலான படிப்புகளுக்குத் தேர்வு முடிவுகளே முதலில் பார்க்கப்படுகின்றன; கடிதத்தின் தேவை உபகாரச் சம்பள விண்ணப்பங்களிலும் சில குறிப்பிட்ட படிப்புகளிலும்தான் எழுகிறது. அமெரிக்காவிலேயே கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் பொதுவாகக் கடிதம் கேட்பதில்லை. பிரிட்டனுக்கு யூகாஸ் (UCAS) என்ற பொது விண்ணப்ப அமைப்பின் வழி விண்ணப்பித்தால் ஒரே ஒரு பரிந்துரைதான். அதுவே நீங்கள் தேர்ந்தெடுக்கும் 5 இடங்களுக்கும் செல்லும். காமன் ஆப் (Common App) என்ற பொது இணைய விண்ணப்பம் வழியாக விண்ணப்பிக்கும் அமெரிக்கக் கல்லூரிகள் பல, பள்ளி ஆலோசகரின் கடிதத்தோடு பாட ஆசிரியர் ஒருவர் அல்லது இருவரின் கடிதங்களையும் கேட்கும்.

அடுத்தது, யாரிடம் கேட்பது. நம் வீடுகளில் பெரும்பாலும் தவறு நேர்வது இங்கேதான். நாடாளுமன்ற உறுப்பினரைத் தெரியும், கோயில் நிர்வாகக் குழுத் தலைவர் குடும்ப நண்பர் என்று பெற்றோர் பெரிய கையெழுத்தைத் தேடிப் போகிறார்கள். உங்கள் பிள்ளை ஒரு கணக்கில் சிக்கிக்கொண்டு அரை மணி நேரம் போராடியதை அவர்கள் யாரும் பார்த்ததில்லை. ஆகவே அவர்களால் நல்ல குடும்பம், நல்ல பிள்ளை என்பதற்கு மேல் எழுத முடியாது. கடைசி இரண்டு ஆண்டுகளில் பாடம் நடத்திய ஆசிரியரே பொருத்தமானவர், அதிலும் நீங்கள் சற்றுத் தடுமாறி மேலே வந்த பாடத்தின் ஆசிரியர் கிடைத்தால் இன்னும் நல்லது. தமிழாசிரியரையும் மறந்துவிடாதீர்கள். அமெரிக்காவின் எம்ஐடி (MIT) தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்ற இடம், கணிதம் அல்லது அறிவியல் ஆசிரியர் ஒருவரோடு மனிதவியல் (humanities), சமூக அறிவியல் அல்லது மொழி ஆசிரியர் ஒருவரின் கடிதத்தையும் எதிர்பார்க்கிறது. சிறிய தமிழ் வகுப்பில் உங்களைத் தினமும் பேசவைத்துக் கேட்ட ஆசிரியருக்கு, பெரிய விரிவுரைக் கூடத்தில் பார்த்தவரைவிட உங்களைப் பற்றி அதிகம் தெரிந்திருக்கும். கடிதம் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கவேண்டும்.

கேட்கும் காலத்திலும் கவனம் தேவை. ஆக்ஸ்ஃபர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களுக்கும் பிரிட்டனின் பெரும்பாலான மருத்துவப் படிப்புகளுக்கும் யூகாஸ் இறுதி நாள் அக்டோபர் 15. அமெரிக்காவின் முன்கூட்டிய விண்ணப்பங்களில் பல நவம்பர் 1ஆம் தேதி முடிந்துவிடும். பள்ளி வைக்கும் உள் இறுதி நாள் இவற்றுக்கும் முன்னால் வரும். செப்டம்பர் தொடக்கத்தில் வரும் ஆசிரியர் தினத்தன்று வாழ்த்து அட்டையோடு கேட்கலாம் என்று காத்திருந்தால், அப்போது அவர் மேசையில் பிரிலிம் எனப்படும் பள்ளி முன்னோட்டத் தேர்வின் விடைத்தாள்கள் குவிந்திருக்கும். ஜூன் விடுமுறைக்கு முன்பே நேரில் சென்று கேளுங்கள். “சார், என்னைப் பற்றி விவரமாக எழுதும் அளவுக்கு என் வேலையைப் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் தயங்காமல் சொல்லுங்கள், நான் வேறொருவரைக் கேட்டுக்கொள்கிறேன்” என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அப்படிக் கேட்டவர்களிடம் நான் இரண்டு முறை மறுத்திருக்கிறேன். இருவருக்கும் அது நல்லதாகவே முடிந்தது.

ஒப்புக்கொண்ட ஆசிரியரிடம் நீங்கள் கொடுக்கும் குறிப்புதான் கடிதத்தின் பாதி. பலர் இணைப்பாட நடவடிக்கைப் பதவிகளையும் விருதுகளையும் வரிசையாக அடுக்கித் தருகிறார்கள். அவையெல்லாம் விண்ணப்பத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. ஆசிரியருக்கு வேண்டியது, அவர் வகுப்பில் நடந்து அவர் மறந்துபோன நிகழ்ச்சிகள். ஒரு மாணவி எனக்குத் தந்த ஒரு பக்கக் குறிப்பில் ஒரு கரைசலின் செறிவைக் கண்டறியும் டைட்ரேஷன் சோதனை ஒன்றை நினைவூட்டியிருந்தார். அவருடைய மூன்று அளவீடுகளில் இரண்டு ஒத்துப்போக, மூன்றாவது விலகி நின்றது. அவர் அதை அழிக்காமல், கரைசலை அளந்து விடும் பியூரெட் குழாயின் நுனியில் காற்றுக் குமிழி இருந்தது என்று கீழே எழுதிவிட்டு, மீதமிருந்த நேரத்தில் நான்காவது முறை செய்தார். அந்த நோட்டுப் புத்தகத்தைத் திருத்தியவன் நான்தான், ஆனால் அவர் சொன்ன பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. கடின உழைப்பாளி, நேர்மையானவர் என்று நான் எழுதவிருந்த வரியை எடுத்துவிட்டு அந்தக் காற்றுக் குமிழியை எழுதினேன். இத்தகைய நிகழ்ச்சிகள் இரண்டு மூன்று, படிக்க விரும்பும் துறை, அதற்கான காரணம், இறுதி நாள்கள் ஆகியவை ஒரே பக்கத்தில் அடங்கினால் போதும். “நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்” என்று யாராவது சொன்னால், குறிப்பை மட்டும் கொடுத்துப் பணிவாக நழுவிவிடுங்கள். பதினெட்டு வயதுப் பிள்ளை தன்னைத் தானே புகழ்ந்த நடை எளிதில் காட்டிக் கொடுத்துவிடும்.

காமன் ஆப்பில், கடிதத்தைப் பின்னர் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்ற கேள்வி வரும். விட்டுக்கொடுங்கள், மாணவர் பார்க்காத கடிதத்துக்கே நம்பகத்தன்மை அதிகம். ஒரே கடிதம் பல கல்லூரிகளுக்குச் செல்வதால், எந்தக் கல்லூரியின் பெயரும் அதில் வரவேண்டாம் என்று ஆசிரியருக்கு நினைவூட்டுவதும் நல்லது. நான் ஒருமுறை அதில் சறுக்கியிருக்கிறேன்.

கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையின்போது விண்ணப்பிக்கத் திட்டமிடும் பையன்களுக்குத் தனியாக ஒன்று சொல்லவேண்டும். ஈராண்டு கழித்து நீங்கள் தேடும்போது ஆசிரியர் வேறு பள்ளிக்கு மாறியிருக்கலாம், உங்கள் முகமும் மங்கியிருக்கலாம். தொடக்கக் கல்லூரியின் இறுதியில் வரும் ஏ நிலைத் தேர்வு முடிந்த கையோடு, சேவையில் சேர்ந்து தலைமுடியை வெட்டும் முன், குறிப்பைக் கொடுத்துக் கடிதத்தை அப்போதே எழுதி வைத்துக்கொள்ளும்படி கேளுங்கள். பள்ளி மாறினாலும் தொடர்புகொள்ள ஒரு மின்னஞ்சல் முகவரியையும் வாங்கிக்கொள்ளுங்கள்.